ஊன்றாத முட்டி

"மாமா, லிஃப்ட்ல வாங்க மாமா."

"லிஃப்ட் எங்கடா இருக்கு? வெறும் குழிதானே இருக்கு!"

"அப்ப என் முதுகுல ஏறிக்கோங்க."

"உன் முதுகுலயா? பார்த்தாலே தெரியுது, வலது பக்கம் சரிவு. ஏறினா உருண்டு விழுந்துடுவேன்."

வாய்க்குக் குறைச்சல் இல்லை. கால்தான் ஒத்துழைக்கவில்லை. கட்டி முடிக்காத அடுக்குமாடியின் மேல்தளத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்து நின்றார். இடது காலை மடக்காமல், கதவைத் திறப்பது போல வெளிப்பக்கம் வீசி வீசி வைத்தார். கலவை வாளியும் டைல்ஸ் வெட்டும் மிஷினுமாகப் பின்னால் வந்த மச்சினனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது இருவருக்கும் தொழில். மூத்தவரின் சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ரசமட்டம்' என்றால்தான் தெரியும். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க உதவும், நடுவில் காற்றுக்குமிழி ஓடும் அந்தக் கருவி எப்போதும் அவருடைய பின்பாக்கெட்டில் இருக்கும். வேலை செய்யும் இடத்தில் மட்டும் என்றால் பரவாயில்லை. பேருந்து நிறுத்த பெஞ்சு, முடிவெட்டும் கடை அலமாரி என்று கண்ட இடத்திலும் வைத்துப் பார்ப்பார். மாப்பிள்ளையாக முதல் முறை மாமனார் வீட்டுக்குப் போனபோதே சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, "ஒரு நூல் அளவு இறங்கியிருக்கு மாமா" என்று சொன்ன மனிதர். மாமனார் அதற்குப் பிறகு வெகுகாலம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

இடது முட்டியில் வலி தொடங்கிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தொழிலில் முட்டி வலிக்காதவன் ஒழுங்காக வேலை செய்யாதவன் என்பது டைல்ஸ்காரர்களின் நினைப்பு. ஒருவர் ஸ்பிரே கொடுத்தார். இன்னொருவர் பெல்ட் கொடுத்தார். தெருமுனை டாக்டர், "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார்.

"டைல்ஸ் ஒட்டறேன் டாக்டர். நாள் பூரா முட்டி போடற வேலை."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் முட்டியைப் பார்க்கவில்லை. மாத்திரை எழுதுவதில் இறங்கிவிட்டார். அவரைச் சொல்லி என்ன பயன்? கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலை நீட்டியது ரசமட்டம்தானே.

மச்சினன் தன் பங்குக்கு ஒரு யோசனை வைத்திருந்தான். அன்று வேலை முடிந்து மாமாவை வீட்டில் விட்டவன், நேராக அக்காவிடம் போனான்.

அதே வீட்டின் முன்னறைதான் அக்காவின் தையல் கடை. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் தையலக்கா. இடுப்பு பிடிப்பது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று ஜன்னல் கம்பி முழுக்க அடுத்தவர் துணிகள் தொங்கும். கட்டியவரின் துணிக்கு மட்டும் எப்போதும் கடைசி வரிசைதான்.

"அக்கா, மாமாவோட வேலை பேண்ட்ல முட்டிக்கு உள்பக்கம் ஸ்பாஞ்ச் வெச்சுத் தைச்சுக் கொடு. கட்டற பேடு எல்லாம் நழுவிடுது. இடது பக்கம் ரெண்டு மடங்கா வை. அங்கதான் அவருக்கு வலி."

"கொண்டா. உன்னோடதையும் கொடு, ரெண்டும் ஒண்ணா முடிச்சிடறேன்."

தையலக்கா ஆளுக்கு இரண்டாக நாலு பேண்ட்டையும் மேசையில் விரித்தாள். தம்பியின் பேண்ட்டில் இரண்டு முட்டியும் நைந்து, சல்லடை மாதிரி வெளிச்சம் காட்டியது. கணவரின் பேண்ட்டை எடுத்தாள். வலது முட்டியில் ஒட்டு. ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு. அதற்கும் மேலே நீலத்துணியில் ஒன்று, அவள் போட்டதுதான். இடது முட்டியைத் தடவினாள். துணி மொழுமொழுவென்று கடையில் வாங்கின மாதிரியே இருந்தது.

அடுத்த பேண்ட்டை எடுத்தாள். அதுவும் அப்படியே.

எத்தனையோ தடவை அவள் கையாலேயே ஒட்டுப் போட்ட பேண்ட்டுகள். கை பார்த்த வேலையைக் கண் பார்க்காமல் விட்டிருக்கிறது.

"என்னங்க... கொஞ்சம் இங்க வாங்க."

ரசமட்டம் சுவரைப் பிடித்தபடி வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"வேலை செய்யறப்ப எந்த முட்டியை ஊன்றுவீங்க?"

"முட்டியைத்தான் ஊன்றுவேன். இதென்ன கேள்வி?"

"எந்த முட்டி?"

வாழ்நாள் முழுக்கச் செய்த காரியம், எப்படிச் செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கையில் இல்லாத சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, இல்லாத டைல்ஸ் கல்லைத் தட்டக் குனிந்து பார்த்தார். உடம்பு தானாக இறங்கியது. வலது முட்டி தரையைத் தொட்டது. இடது கால் பாதத்தை ஊன்றி முன்னால் நின்றது.

"வலது" என்றார் ஆச்சரியமாக.

"வலி எதுல?"

"இடதுல."

"ஊன்றாத முட்டி எதுக்குங்க வலிக்கணும்?"

மச்சினன் குறுக்கே புகுந்தான். "அக்கா, ஒரு கால் மடங்கினா இன்னொரு காலுக்குத்தானே பாரம்? அதான் வலிக்குது."

"அதானே! சரியாச் சொன்னே மாப்ளே" என்றார் ரசமட்டம். "ஏம்மா, பேண்ட்டைப் பார்த்து வைத்தியம் பண்ற முதல் ஆள் நீதான். போர்டு மாட்டிடலாமா? 'இங்கு ஜிப் மாற்றப்படும், நோய் கண்டுபிடிக்கப்படும்'னு."

தையலக்கா சிரிக்கவில்லை.

"லீவு நாள்லயும் வலிக்குதுன்னீங்க. சும்மா படுத்திருந்தாலும் குடையுதுன்னீங்க. வேலையால வர்ற வலின்னா வேலை இல்லாதப்ப அது லீவு எடுக்காதா? நாளைக்கு எலும்பு டாக்டர்கிட்ட போறோம்."

"நாளைக்கு பாத்ரூம் ரெண்டு..."

"பாத்ரூம் எங்கயும் ஓடிப் போயிடாது."

சொல்லிக்கொண்டே அந்தப் பேண்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

எலும்பு டாக்டரம்மாவின் அறை சிறியது. ஒரு மேசை, ஒரு கட்டில், சுவரில் எலும்புக்கூட்டின் படம். டாக்டரம்மா தன் சுழல் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். ரசமட்டத்தின் காது விடைத்தது. மேசையின் ஒரு காலுக்கு அடியில் மடித்த காகிதம் வைத்திருப்பதையும் கண் கவனித்துவிட்டது.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"முட்டி வலி டாக்டரம்மா. நான் டைல்ஸ்..."

"அவர் சொல்றதை நம்பாதீங்க" என்று தையலக்கா பையிலிருந்து பேண்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். மச்சினன் வெட்கத்தால் எலும்புக்கூட்டுப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டரம்மாவின் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கும். கிழிந்த பேண்ட் இதுதான் முதல் முறையாக இருக்க வேண்டும். ஆனால் அவர் அதைத் தள்ளிவிடவில்லை. தையலக்கா சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு ரசமட்டத்தைக் கட்டிலில் உட்காரவைத்து, முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். முட்டிக்கு முன்னால் மூடி மாதிரி இருக்கும் சில்லின் மீது கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினார். ரசமட்டம் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி வேலை செய்வீங்கன்னு செஞ்சு காட்டுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

இதற்குத்தான் காத்திருந்தவர் போல அவர் இறங்கினார். வலது முட்டி தரையில். இடது பாதம் முன்னால். மடக்கிய விரலால் மேசைக்கு அடியில் இருந்த கல்லைத் தட்டினார். டொக்.

"டாக்டரம்மா, இதை யாரு ஒட்டினது? அடியில கலவையே இல்ல. உங்க நாற்காலி 'டக்'குன்னு சொன்னப்பவே நினைச்சேன்."

"ஐயோ, மானத்தை வாங்காதீங்க. எழுந்திருங்க!" என்றாள் தையலக்கா.

டாக்டரம்மா தரையைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு முன்னாடி படம் எடுத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"இப்பவே எடுத்துடலாம்."

எக்ஸ்ரே எடுப்பவர் கலகலப்பான ஆள். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தார். மூன்றாவதுக்குக் காலை மடக்கி வைக்கச் சொன்னார். "மடங்கின முட்டி மேல வெளிச்சத்தைச் சாய்ச்சு விட்டா சில்லு தனியா தெரியும்ணே. மலைக்குப் பின்னாடி சூரியன் உதிக்கிற மாதிரி இருக்கும்."

"உதிக்கிற சூரியனா? அப்ப கொஞ்சம் அழகாவே எடுங்க" என்றார் ரசமட்டம்.

டாக்டரம்மாவின் கம்ப்யூட்டரில் படங்கள் வந்தன. முதல் படத்தில் தொடை எலும்பின் மேல் சில்லு மறைந்து, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவதில் ஏதோ நிழல். மூன்றாவதைத் திறந்ததும் டாக்டரம்மா திரைக்கு அருகே குனிந்தார். எக்ஸ்ரேக்காரர் சொன்ன சூரியன் வந்திருந்தான். ஆனால் யாரோ கடித்துவிட்டுப் போன பிஸ்கட் மாதிரி அவன் நடுவில் ஒரு கறுப்புக் குழி.

"இது தேய்மானம் இல்ல" என்றார் டாக்டரம்மா. "எலும்பை ஏதோ அரிச்சிருக்கு. கிருமியா இருக்கலாம். சாதாரணக் கட்டியா இருக்கலாம். புற்றுநோயாவும் இருக்கலாம். பார்க்காம எதையும் சொல்ல மாட்டேன்."

புற்று என்ற வார்த்தையைக் கேட்டதும் மச்சினனின் கை தானாக அக்காவின் நாற்காலி முதுகைப் பற்றியது.

டாக்டரம்மா கேள்விகளை அடுக்கினார். பசி எப்படி? எடை குறைந்திருக்கிறதா? இருமல்? கழுத்தில் வீக்கம்? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தலையாட்டிக்கொண்டே வந்த ரசமட்டம் ஒரு கேள்வியில் நின்றார்.

"சிறுநீர்ல எப்பவாவது ரத்தம்?"

"...ஒரு தடவை. கொஞ்சம் சிவப்பா. மொட்டைமாடி வேலை, நல்ல வெயில். உடம்பு சூடுன்னு நினைச்சேன். தண்ணி நிறையக் குடிச்சேன், சரியாப் போச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க?" என்றாள் தையலக்கா.

"சரியாப் போனதை எதுக்கும்மா சொல்றது?"

டாக்டரம்மாவின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாக எழுதத் தொடங்கியது. உடம்பு முழுக்க ஸ்கேன். ரத்தப் பரிசோதனை. முட்டிச் சில்லிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி.

"வேற எங்கயோ கிளம்பின புற்று முட்டிச் சில்லுல போய் உட்கார்றது ரொம்ப ரொம்ப அபூர்வம்" என்றார். "புத்தகத்துல படிச்சிருக்கேன். நேர்ல பார்த்ததில்ல. நான் நினைக்கிறது தப்பா இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா தள்ளிப் போடக் கூடாது. அதுவரைக்கும் அந்தக் காலுக்குப் பாரம் கொடுக்காதீங்க. சில்லு உடைஞ்சிடும்."

வெளியே வந்ததும் மச்சினன், "பர்ஸை விட்டுட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான். டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். நடைபாதையில் வழிமறித்தான்.

"டாக்டரம்மா, ரிசல்ட் எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. மாமாகிட்ட வேண்டாம். அவர் வெளியிலதான் நக்கல் பண்ணுவாரு. உள்ள தாங்க மாட்டாரு. ஏதோ கட்டி, மருந்துல கரைஞ்சிடும்னு சொல்லிடலாம்."

"முட்டி யாரோடது?"

"அவரோடதுதான்..."

"அப்ப ரிசல்ட்டும் அவரோடதுதான்."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ரசமட்டம்.

"பர்ஸ் கிடைச்சுதா மாப்ளே?" என்று கேட்டார்.

மச்சினன் தலைகுனிந்தான்.

"டேய், பாத்ரூமுக்குத் தரை போடறப்ப நான் உனக்கு முதல்ல என்ன காட்டுவேன்?"

"வாட்டம்."

"ஆங். தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியாம ஒரு கல்லு ஒட்டுவனா? சரிவு இருக்கறது தப்பில்லடா. எந்தப் பக்கம்னு தெரியாம இருக்கறதுதான் தப்பு. எங்கிட்டயே மறைக்கப் பார்க்கிறியே!"

சொல்லிவிட்டு அவன் தோளில் கையைப் போட்டார். அன்பினால் மட்டும் அல்ல, காலும் வலித்தது. மச்சினன் தோளைக் கொடுத்து அவரை வெளிவாசல்வரை நடத்திக்கொண்டு போனான். அவன் பேசினால் அழுதுவிடுவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவரே பேசிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரித் தரையில் எங்கெங்கே கல் ஏறி இறங்கியிருக்கிறது என்று.

ஸ்கேன் முடிந்தது. ஊசியால் சதையும் எடுத்தாயிற்று. இனி காத்திருப்பதுதான் வேலை.

வீட்டில் சும்மா உட்கார்ந்தே பழக்கமில்லாத மனிதர். ஊன்றுகோலோடு வீட்டைச் சுற்றி வந்தார். பீரோவின் மேல் ரசமட்டக் கருவியை வைத்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்தார். தையல் மிஷினின் மேசை ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அவள் தைத்துக்கொண்டிருக்கும்போதே அடியில் அட்டை செருகினார்.

"ஊசி ஓடிக்கிட்டிருக்கு, கையை எடுங்க!"

"எடுத்துட்டேன். இப்பப் பாரு, எப்படி ஓடுதுன்னு."

உண்மையாகவே மிஷின் சத்தம் குறைந்துதான் போனது. தையலக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. காலை எடுத்தாள். மிஷின் நின்றது.

"பயமா இருக்காங்க?"

அவர் மேசைக்கு அடியிலிருந்து நிமிரவில்லை. அங்கிருந்தே பேசினார்.

"ஒரு கல்லு டொக்குன்னா அதைப் பெயர்த்து வேற ஒட்டலாம்மா. ஒரு நாள் வேலை. தரை முழுக்க டொக்குன்னா... அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுக்காரன் மேல பாய் விரிச்சு மறைச்சுக்குவான். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒண்ணுதான். ஒரு கல்லா, முழுத் தரையா?"

அவள் மேசைக்கு அடியில் கையை நீட்டி, அவர் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். நூல்பிசிறு ஒன்று முடியில் ஒட்டிக்கொண்டது. எடுக்கவில்லை.

"முழுத் தரைன்னாலும் நான் பாய் விரிக்க மாட்டேன்" என்றாள். "ஒவ்வொரு கல்லா பெயர்க்கச் சொல்லுவேன்."

"உனக்கு என்ன, சொல்லிடுவே. பெயர்க்கறவனுக்குத்தான் தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அவர் கொஞ்ச நேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தார்.

முடிவு வந்த அன்று மூவருமே போனார்கள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்தார். 'டக்'. இந்த முறை ரசமட்டம் தரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நேரா சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

"நேராத்தான் வேணும்."

"புற்றுதான். கிளம்பின இடம் இடது சிறுநீரகம். அங்க ஒரு கட்டி இருக்கு. அதிலிருந்து ஒரு துளி ரத்தத்தோட போய் உங்க முட்டிச் சில்லுல இறங்கியிருக்கு. பரவின புற்று. அதைச் சின்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன்."

தையலக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மச்சினன் எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்தான்.

"வேற எங்க டாக்டரம்மா?" என்று கேட்டார் ரசமட்டம்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். நுரையீரல், கல்லீரல், முதுகெலும்பு, தலை, எல்லாம் பார்த்தாச்சு. ரெண்டு ரெண்டு பேரா உட்கார்ந்து பார்த்திருக்கோம். எங்கயும் இல்ல. சிறுநீரகம் ஒண்ணு, முட்டிச் சில்லு ஒண்ணு. இன்னிக்கு ஸ்கேன்ல தெரியறது இந்த ரெண்டே இடம்."

ரசமட்டம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு கல்லுதான்" என்றார். "தரை முழுக்க இல்லம்மா. ரெண்டே கல்லு."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மச்சினன் விளக்கப் பார்த்தான், முடியவில்லை. தையலக்காதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அப்ப உங்க கணக்குப்படியே சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. "சிறுநீரக டாக்டர், புற்றுநோய் டாக்டர், நான் மூணு பேரும் பேசினோம். அந்த ரெண்டு கல்லையும் பெயர்த்து எடுத்துடலாம்கிறது எங்க முடிவு. அதுக்கப்புறம் மருந்து ஏத்துவோம். அப்பப்ப ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம். திரும்ப வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்படி ஒரே இடத்துக்கு மட்டும் பரவினதை முழுசா எடுத்தவங்க நல்லா இருந்திருக்காங்க, வருஷக்கணக்குல. இன்னும் கொஞ்ச நாள் ஸ்பிரே அடிச்சிக்கிட்டே இருந்திருந்தா இந்தப் பேச்சை நாம பேசியிருக்க முடியுமான்னு தெரியாது."

"அப்ப எல்லாம் அந்தப் பேண்ட்டாலதான்" என்றான் மச்சினன்.

"பேண்ட் இல்லாட்டியும் நான் படம் எடுத்திருப்பேன். அழுத்தினப்பவே எனக்குச் சந்தேகம்" என்று டாக்டரம்மா சிரித்தார். "ஆனா பேண்ட் இல்லாட்டி இவர் எங்கிட்ட வந்திருக்கவே மாட்டாரே!"

தையலக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கணவரைப் பார்த்தாள். 'போர்டு மாட்டலாமா?' என்று அந்தப் பார்வை கேட்டது.

பிறகு டாக்டரம்மாவின் முகம் சற்றே மாறியது. சொல்லத் தயங்கின விஷயம் ஒன்று பாக்கி இருந்தது.

"ஒரு சிறுநீரகத்தோட தாராளமா வாழலாம். சில்லு இல்லாமலும் நடக்கலாம், பயிற்சி வேணும், படி ஏறி இறங்கறது கஷ்டமா இருக்கும். ஆனா உங்க தொழில்தான்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இனிமே இந்த இடது காலால நீங்க முட்டி போடவே கூடாது."



முதலில் ரசமட்டத்தின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மச்சினன் பதறி எழுந்தான். அழுகையில்லை. மனிதர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா... நான் எப்ப அந்த முட்டியைப் போட்டேன்?"

டாக்டரம்மாவுக்கு அந்தப் பேண்ட் ஞாபகம் வந்தது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். வெளியே காத்திருந்த நோயாளிகள், உள்ளே என்ன நல்ல செய்தியோ என்று கதவைப் பார்த்தார்கள்.

அறுவை சிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. முதலில் சிறுநீரகம். உடம்பு தேறியதும் முட்டி. எல்லாம் சுலபமாக இல்லை. மருந்து ஏற்றிய நாட்களில் நாக்கில் ருசி செத்துப்போய், தண்ணீர்கூட இரும்பு மாதிரி இருந்தது. காலை நீட்டித் தூக்கும் பயிற்சியில் உள்ளங்கை உயரம் தூக்குவதற்குள் வியர்த்துக் கொட்டியது. "கலவை மூட்டையைத் தூக்கினவன், என் கால் எனக்கே பாரமா இருக்கு" என்று ஒரு நாள் ஊன்றுகோலை வீசி எறிந்தார். தையலக்கா அதை எடுத்து வந்து சுவரோரம் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் அவருடைய ரசமட்டக் கருவியையும் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து, சாய்ந்திருந்த ஊன்றுகோலை நேராக நிமிர்த்தி வைத்தார்.

வேலையிடத்தில் மச்சினன் தனியாகவே ஒட்டினான். மாலையில் போனில் படம் எடுத்து அனுப்புவான். "மூணாவது வரிசை, ரெண்டாவது கல்லு. பெயர்த்துடு" என்று பதில் வரும். போய்ப் பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருப்பார். சில நாள் தப்பாகவும் சொல்வார். அன்றைக்கு மச்சினனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது.

மருந்து முடிந்து எடுத்த ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. அதைக் கேட்கப் போன அன்று, மச்சினன் தோளில் ஒரு சாக்குப்பை தொங்கியது.

"என்ன அது?" என்றார் டாக்டரம்மா.

"உங்க நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார் ரசமட்டம். "ஆபீஸ்ல கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. வெளிய நீங்கதான் கடைசி நோயாளின்னாங்க, இன்னிக்கு வேற யாரும் இல்ல."

"கடைசி நோயாளி நீங்க! நான் டாக்டர்."

"ஏதோ ஒண்ணு. தள்ளிக்கோங்க."

சாக்கிலிருந்து ஒரு கல், கொஞ்சம் பசை, ரப்பர் சுத்தியல் வந்தன. தையலக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இந்தக் காலோடு அவர் தரையில் இறங்குவது இதுதான் முதல் முறை.

அவர் மேசையைப் பிடித்தார். வலது முட்டி தரையைத் தொட்டது. இடது கால் மடங்காமல் முன்னால் நீண்டு கிடந்தது. பழைய மாதிரி இல்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டார். டொக்கென்ற கல்லைப் பெயர்த்தார். அடியைச் சுரண்டி, பசை பரப்பி, புதுக்கல்லை இறக்கி, நாலு மூலையும் தட்டினார். பின்பாக்கெட்டிலிருந்து கருவியை எடுத்து வைத்தார். குமிழி தயங்கித் தயங்கி வந்து நடுவில் நின்றது.

"ம்" என்றார்.

எழுவதுதான் பாடாக இருந்தது. மச்சினன் கையை நீட்டினான். ரசமட்டம் கண்டுகொள்ளாத மாதிரி மேசையைப் பிடித்து ஒரு முறை முயன்றார். இடது கால் தூக்கிக் கொடுக்கவில்லை. இரண்டாவது முறை மச்சினனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதுகு இன்னும் சரிவாத்தான் இருக்கு மாப்ளே" என்றார் எழுந்து நின்றதும். "கை பரவாயில்ல."

பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பினார்.

"நாளைக்கு வரைக்கும் இதை யாரும் மிதிக்கக் கூடாது. நாற்காலியை அந்தப் பக்கமே வெச்சுக்கோங்க. அடுத்த ஸ்கேனுக்கு வர்றப்ப தட்டிப் பார்க்கறேன்."

"அடுத்த ஸ்கேனுக்கு நீங்க வர்றது கல்லைப் பார்க்கவா, உங்களைப் பார்க்கவா?"

"ரெண்டையும் தட்டிப் பார்த்துடுவோம் டாக்டரம்மா" என்றார் ரசமட்டம். "டொக்குன்னா பெயர்த்துட்டு வேற ஒட்டிக்கலாம்."

அவர் கதவைப் பார்த்து நடந்தார். இடது காலை மெல்ல வீசி வீசி, ஆனால் சுவரைப் பிடிக்காமல்.